ஒரு கிழமைத் தவணை

பிள்ளைகளே,

நேற்றுச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் பிடித்த சண்டைக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் நகரத்து ஐஸ் ஹொக்கி அணியில் விளையாடும் அந்தப் பின்வரிசைப் பெடியனை வேறொரு ஊர் அணி கூடிய சம்பளத்துக்குக் கேட்கிறதாம். விடவே கூடாது என்று சின்னவன் மேசையில் தட்டினான். "அவனுக்கே இருக்க விருப்பமில்லை, லெட் ஹிம் கோ" என்று பெரியவள் சொன்னாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தீர்கள். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கிவிட்டேன். "அப்பாவுக்கு உது விளங்காது" என்று சின்னவன் சொன்னது தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் கேட்டது.

விளங்கும் ராசா. எனக்கு அதை விளங்கப்படுத்திய ஒருவர் இருந்தார். உங்கள் இருவரிலும் அவருக்கு ஒரு பங்கு இருந்தது. அது உங்களுக்குத் தெரியாது. நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஒழுங்கு வரிசையாக எழுத வராது. ஞாபகம் வருகிற மாதிரி எழுதுகிறேன்.

அவருடைய பெயரை எழுதவில்லை. தன் பெயர் வெளியில் வருவது அவருக்குப் பிடிக்காது. றேடியோவில் பேசியபோதுகூட "ஸ்காபரோ" என்று ஊரை மட்டும்தான் சொன்னார். நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன்.

உங்கள் அம்மா இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னர் நான் ஸ்காபரோவில் டோர்செட் பார்க்கில், ஒரு உயரமான கட்டடத்தின் பதினோராம் மாடியில், அவருடைய வீட்டில் ஒரு அறையில் இருந்தேன். மற்ற அறையில் அவர். போத்தல் மூடி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவருக்குப் பகல் வேலை. நான் பெட்டியோடு போய் இறங்கிய அன்று, கதவுத் திறப்பைக் கையில் தருவதற்கு முன்னர் சொன்னார்:

"தம்பி, இந்த வீட்டிலை ஒரு சட்டம் இருக்கு. சிகரெட் பத்து, தண்ணியடி, அது உன்ரை பாடு. ஆனால் வேறை வீடு பாத்தால் சொல்லாமல் போகக்கூடாது. அங்கை என்ன தாறாங்கள் எண்டு எனக்குச் சொல்லு. எனக்கு ஒரு கிழமை, ஏழு நாள் தவணை வேணும். அவங்கள் தாறதை நானும் தந்தால் நீ இருக்கவேணும்."

"தராட்டில்?"

"தராட்டில் போ. ஆர் மறிச்சது?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் தலையாட்டும்வரை திறப்பு அவருடைய கையிலேயே இருந்தது.

அந்த வீட்டில் ஒரு பெரிய குளிரூட்டிப் பெட்டி இருந்தது. தனியொருவர் வாழும் வீட்டுக்கு அது அநியாயப் பெரிசு. நல்ல தோல் சோபா ஒன்று இருந்தது. சுவரை அடைத்தபடி ஒரு ரிவி. அவரோ முழங்கை கிழிந்த சுவெற்றரைத் தைத்துப் போடுகிறவர். இந்தச் சாமான்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்க ஒரு குளிர்காலம் எடுத்தது.

"உந்தப் பெட்டி அஜாக்ஸ்காரனுக்கு வாங்கினது" என்றார் ஒருநாள், இறைச்சியை உள்ளே வைத்தபடி. "அவன் பாத்த வீட்டிலை இப்பிடி ஒண்டு இருந்தது."

"ஆர் அஜாக்ஸ்காரன்?"

"உன்ரை அறையிலை இருந்தவன்."

சோபா பிக்கரிங்காரனுக்காக வாங்கியது. ரிவி மார்க்கம் ஊருக்குப் போனவனுக்காக. இருந்தவர்களின் பெயர்களை அவர் சொல்லமாட்டார். போன இடத்தின் பெயரைத்தான் சொல்வார். அந்த வீட்டில் நல்லதாக இருந்த ஒவ்வொரு சாமானும் யாரோ ஒருவனை மறிப்பதற்காக வாங்கப்பட்டது. மறித்ததும் உண்மை. பெட்டி வந்தபிறகு அஜாக்ஸ்காரன் இன்னும் ஒரு வருடம் இருந்தானாம். பிறகு அவனுக்குக் கலியாணம் வந்தது. "மனிசியை நான் எங்கை போய் வாங்கிறது?" என்று கேட்டார் அண்ணை. அப்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

அவருக்கு ஹொக்கி எப்படிப் பிடித்தது என்றால், வந்த முதல் குளிர்காலத்தில் வேலை இல்லை, ஆட்கள் இல்லை, ரிவியில் பிடிபட்ட ஒரே சத்தம் அதுதானாம். விளையாட்டுப் பனித்தளத்தில் ஒருநாளும் கால் வைக்காதவர். நடைபாதையில் பனி இறுகியிருந்தால் மதிலைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஆனால் எந்தப் பெடியனுக்கு எந்த முழங்காலில் நோ என்பது அவருக்குத் தெரியும். அதைவிட, விளையாட்டு இல்லாத கோடைகாலம்தான் அவருக்கு உண்மையான பருவம். யார் இருப்பான், யார் போவான் என்று முடிவாகிற காலம்.

"இஞ்சை பார்" என்று ஒருமுறை இரண்டு தேநீர்க் கோப்பைகளை மேசையில் வைத்து விளங்கப்படுத்தினார். "இவன் நாங்கள் வளர்த்த பெடியன். ஒப்பந்தம் முடிஞ்சுது. ஆனால் முழுசாய் விடுதலை இல்லை. அரைவாசி விடுதலை. மற்ற ஊர்க்காரன் கூப்பிட்டு, இவ்வளவு தாறன் எண்டு எழுதிக் குடுக்கலாம். இவன் அதிலை கையெழுத்தும் வைக்கலாம். வைச்சாலும் போகேலாது. எங்களுக்கு ஒரு கிழமை இருக்கு. அவன் எழுதினதை நாங்களும் குடுத்தால் பெடியன் எங்களோடை."

"குடுக்காட்டில்?"

"போவான். பதிலுக்கு அவங்கள் இனிமேல் எடுக்கப்போற சின்னப் பெடியளிலை ஒண்டு ரெண்டை எங்களுக்குத் தரவேணும். வளர்ந்த பிள்ளையைக் குடுத்திட்டு, இன்னும் ஆரெண்டே தெரியாத பிள்ளையளுக்குக் கடதாசித் துண்டு வாங்கிறது. அது ஒரு வியாபாரமோ?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: எவன் என்றாலும் விடக்கூடாது. கால் உடைந்தவன், கோல் அடிக்காதவன், ஒருவரையும் விடக்கூடாது. கட்டடத்துக்கு எதிரே இருந்த கோப்பிக்கடையில் சனிக்கிழமைகளில் இந்த வழக்கு நடக்கும். எதிர்ப்பக்கம் எப்போதும் ரக்ஸி ஓடுகிற ஒரு அங்கிள்.

"ஒருத்தனுக்கே எல்லாத்தையும் கொட்டினால் கோல் காக்கிறவனுக்கு ஆர் குடுக்கிறது, நீரோ?" என்பார் ரக்ஸி அங்கிள்.

"காக்கிறவன் பொறுப்பான். நீர் வளர்த்த பெடியனை மற்ற அணியின்ரை சேட்டைப் போட்டபடி பாக்க உமக்குப் பத்தி எரியாதோ?"

"எனக்கேன் எரியுது? நான் ரக்ஸி ஓடுறன். ஏறுறவன் இறங்கத்தான் வேணும்."

"நீர் ஒரு மனிசன்."

"நீர் ஒருத்தரையும் விடமாட்டீர். ஆனால் உம்மட்டை இருந்தவன் எவன் நிண்டவன், சொல்லும் பாப்பம்?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணை கோப்பியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அந்த மூடியைத் திருப்பிச் சரியாகப் பொருத்தினார். "உந்த மூடி எங்கடை தொழிற்சாலையிலை செய்ததில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டார்.

வேலைக்குப் போகும்போது அவர் குசினி றேடியோவை நிறுத்தமாட்டார். ஆட்கள் போன் எடுத்து விளையாட்டைப் பற்றிக் கதைக்கிற நிலையம் ஒன்று நாள் முழுக்க வெறும் வீட்டில் கதைத்துக்கொண்டிருக்கும். மின்சாரம் வீண் என்று சொன்னேன். "கதவைத் திறக்கேக்கை ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும்" என்றார். நான் வீட்டில் இருக்கிற நாட்களில் மட்டும் நிறுத்திவிட்டுப் போவார்.

அந்த நிலையத்துக்கு அவரும் போன் எடுப்பார். சொல்லப்போகிறதைக் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பார். பிறகு போனைக் காதில் வைத்தபடி காத்திருப்பார், சோறு வேகும்வரை, கறி இறங்கும்வரை. அநேகமாக நிகழ்ச்சி முடிந்துவிடும். ஒரேயொரு முறை அவரை உள்ளே எடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். "பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கடதாசியையா வாங்குவது?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்க, நிகழ்ச்சி நடத்துகிறவர் பெரிதாகச் சிரித்து, நன்றி ஸ்காபரோ என்று சொல்லி அடுத்தவருக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அண்ணை போனை மேசையில் மெதுவாக வைத்தார்.

"கேட்டியே, சிரிச்சவர்" என்றார். அடுத்த சில நாட்களுக்கு யாரைக் கண்டாலும் அதைச் சொன்னார். லிப்ற்றில் முன்பின் தெரியாத ஒரு சீன மனுசியிடமும் சொன்னார்.

அம்மாவுக்கு விசா வந்த கோடையில்தான் எங்கள் நகரத்துப் பெடியன் ஒருவனைத் தெற்கே, பனியே கொட்டாத ஊர் அணி ஒன்று கேட்டது. அவனும் கையெழுத்து வைத்துவிட்டான். எங்கள் அணிக்கு ஒரு கிழமை தவணை. கோப்பிக்கடை, லிப்ற், தொழிற்சாலை எல்லா இடத்திலும் அதே கதை. நான் நல்ல நேரம் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டுச் சட்டப்படி சொல்லவேண்டியிருந்தது.

"அண்ணை, பிக்கரிங்கிலை ஒரு பேஸ்மென்ற் பாத்திருக்கிறன்."

றேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். "என்ன ஓபர்?"

"மனிசி வாறா அண்ணை."

"அது தெரியும். வீடு என்ன தருது?"

"ரெண்டு அறை."

"இஞ்சையும் ரெண்டு அறை. ரெண்டையும் எடுங்கோ. நான் ஹோலுக்கை படுப்பன், சோபா கிடக்குத்தானே. வேறை?"

எனக்குச் சொல்லச் சங்கடமாக இருந்தது. அம்மா போனில் கேட்டது அதைத்தான். முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளை இருக்கிற வீட்டுக்கு நான் எப்படி வந்து இறங்குவது என்று. அதில் பிழை இல்லை, அம்மா அப்போது கலியாணப் பெண்.

"தனி வாசல் இருக்கண்ணை" என்றேன்.

அவர் வீட்டுக் கதவைப் பார்த்தார். பதினோராம் மாடியில் ஒரு வீட்டுக்கு ஒரு கதவுதான். "சரி" என்றார். "எனக்கு ஒரு கிழமை இருக்கு."

அந்தக் கிழமை நான் பட்ட பாடு. திங்கட்கிழமை வேலையால் வந்து பார்த்தால், தன் அறையை ஒதுக்கி, சுவருக்கு வெள்ளைப் பூச்சு அடித்துக்கொண்டிருக்கிறார், மூக்கிலும் பூச்சு. பிறகு அலுமாரிக்குக் கண்ணாடி பூட்டினார். ஹோலுக்குக் குறுக்கே கம்பி கட்டித் திரை போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "நீ பேசாமல் இரு, இது என்ரை தவணை" என்றார். றேடியோவில் ஆட்கள் வைத்திரு, விடு என்று மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவரோ அந்தக் கிழமை போன் எடுக்கவே இல்லை. தனி வாசல்தான் அவரைப் போட்டு வதைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை, வேலை உடுப்பு மாற்றாமல் வந்து என் முன்னால் நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அலுவல் முடிஞ்சுது. நான் இரவு வேலைக்கு மாறிட்டன்."

"ஏனண்ணை?"

"நீங்கள் பின்னேரம் வரேக்கை நான் வெளிக்கிட்டிடுவன். காலமை நீங்கள் போனாப் பிறகு வருவன். உன்ரை மனிசி என்ரை முகத்தைக் காணவே மாட்டா. இது தனி வாசல்தானே?"

"அப்ப நாங்கள் எப்ப அண்ணை ஆளையாள் காணுறது?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. விரல்களால் ஏதோ கணக்குப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

பிள்ளைகளே, இதற்கு மேல் ஒருவர் என்னதான் தரமுடியும்? நான் அன்று இரவே அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அம்மா, "அந்த அண்ணைக்கு ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டா. ஜெர்மனியில் ஒரு அக்கா இருக்கிறா, அவ்வளவுதான் என்றேன். "அப்ப இருப்பம்" என்றா. சட்டப்படி நாங்கள் இருக்கவேண்டியவர்கள். அதை அவரிடம் சொல்ல ஞாயிற்றுக்கிழமைவரை பொறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் அணி அந்தப் பெடியனை விடவில்லை என்ற செய்தி வந்தது. கேட்டதைக் கேட்டபடி கொடுத்து மறித்துவிட்டார்கள். கட்டடத்தில் எங்கேயோ கை தட்டுகிற சத்தம் கேட்டது. அண்ணை அந்தப் பெரிய ரிவியைப் போட்டார். பெடியனிடம் மைக்கை நீட்டியிருந்தார்கள். அவன் இந்த நகரம் எனக்குப் பிடிக்கும், ரசிகர்களுக்கு நன்றி என்று எல்லாம் சரியாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டுக் கீழே பார்த்தான்.

நான் அண்ணை துள்ளுவார் என்று பார்த்தேன். அவர் சோபாவின் நுனியில் இருந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி மாறி, காலநிலை வந்தபிறகும் அப்படியே இருந்தார்.

"சைன் வைச்சவன் எல்லோ" என்றார் கடைசியில். "போக மனமில்லாமல் ஒருத்தன் சைன் வைப்பானோ? அங்கை வீடும் பாத்திருப்பான்."

"காசுக்காகவும் வைச்சிருக்கலாம் அண்ணை."

"முகத்தைப் பாத்தாய்தானே."

பிறகு எழும்பி, ஹோலில் கட்டியிருந்த திரையை ஒரு பக்கமாக இழுத்து ஒதுக்கினார். எனக்கு முதுகு காட்டி நின்றபடி சொன்னார்:

"நான் மறிக்கேல்லை. நீ பிக்கரிங்குக்குப் போ."

"அண்ணை, அவவும் ஓமெண்டிட்டா. நாங்கள் இருக்கிறம்."

"அதுதான் சொல்லுறன், போ எண்டு." கொஞ்சம் பொறுத்துத் திரும்பினார். "சும்மா விடேலாது. சட்டம் இருக்கு. எனக்கு முதலாவதும் ரெண்டாவதும் வேணும்."

"என்ன முதலாவது?"

"பிறக்கப்போற பிள்ளையள்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "அதுகளை வைச்சு என்ன செய்யப்போறியள்?"

"ஒண்டும் செய்யேல்லை. வருசத்திலை ஒருக்கால் கொண்டுவந்து காட்டு. எப்பிடி வருதுகள் எண்டு பாத்து வைப்பன்."

நான் ஓம் என்றேன். அந்தத் துண்டு வியாபாரத்தை அவ்வளவு காலம் பழித்தவர் அதைக் கேட்டுத்தான் என்னை விட்டார். இரவு வேலைக்கு மாறினது மாறினதுதான். பழைய பகல் வேலையைத் தொழிற்சாலைக்காரர் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்குப் பிறகு அந்த அறைக்கு ஒருவரையும் எடுக்கவில்லை. பகலில் நித்திரை கொள்கிறவனோடு யார் இருப்பான் என்று காரணம் சொன்னார்.

ஒவ்வொரு கோடையிலும் உங்களை அங்கே கொண்டுபோனேன். அப்போது நீங்கள் சின்னக் குழந்தைகள், ஞாபகம் இருக்காது. பெரியவளின் கையை விரித்துப் பார்த்து, "அகலமான கை. பின்வரிசைக்குச் சரி" என்றார். சின்னவன் அவரைக் கண்டதும் வீரிட்டு அழுதான். "இவன் கோச்சோடை சண்டை பிடிப்பான்" என்று சந்தோசப்பட்டார். நீங்கள் அந்தத் தோல் சோபாவில் ஏறித் துள்ளினீர்கள். நான் கத்த, "துள்ளட்டும், அதுக்குத்தான் கிடக்குது" என்றார். நீங்கள் போகிற நாட்களில் அந்த வீட்டில் றேடியோ நிறுத்தப்பட்டிருக்கும். திரும்பி வரும்போது அவர் லிப்ற்வரை வரமாட்டார். வாசலில் நிற்பார். லிப்ற்றின் கதவு மூடுகிற நேரத்தில் பின்னால் றேடியோ கதைக்கத் தொடங்குவது கேட்கும்.

எங்கள் வீடுகளுக்கு அவர் வந்ததே இல்லை. பிக்கரிங்குக்கும் கூப்பிட்டேன். "வெளியூர் ஆட்டம் எனக்குச் சரிவராது" என்பார். விட்பியில் இந்த வீட்டை வாங்கியபோது நான் தனியாகப் போய்ச் சொன்னேன்:

"அண்ணை, கீழே ஒரு அறை கிடக்கு. தனி வாசல்."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஓபரோ?"

"ஓம், ஓபர்தான்."

"எனக்கு இன்னும் ஒப்பந்தம் இருக்கடா" என்று சொல்லிச் சிரித்தார். மூடித் தொழிற்சாலையைச் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் அந்த அறைக்கு ஒரு கட்டிலும் மேசையும் போட்டு வைத்தேன். ஒருவருக்கும் வாடகைக்குக் கொடுக்கவில்லை. அங்கே படுக்கலாமா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் வேண்டாம் என்றது அதனால்தான்.

பிறகு ஒரு கோடையில், உங்களைக் கூட்டிக்கொண்டு வருகிற நாளைக் கேட்பதற்குப் போன் எடுத்தேன். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. வேலை முடிந்து நேரே டோர்செட் பார்க்குக்குப் போனேன். பதினோராம் மாடியில் கதவைத் திறந்தது ஒரு இளம் தமிழ்ப் பிள்ளை. இடுப்பில் குழந்தை.

"அந்த அங்கிள் ஜெர்மனிக்குப் போயிட்டார். தமக்கையிட்டை" என்றாள். "வேலையிடம் மூடினாப் பிறகு. சாமான் எல்லாத்தையும் எங்களுக்கே விட்டிட்டுப் போனவர். நல்ல மனிசன். நீங்கள் சொந்தக்காரரோ?"

"முந்தி இஞ்சை இருந்தனான்" என்றேன். அவளுக்குப் பின்னால் அந்தப் பெரிய ரிவி, அந்தச் சோபா. அதன்மேல் இன்னொரு குழந்தை துள்ளிக்கொண்டிருந்தது.

"ஒண்டும் கொண்டுபோகேல்லையோ?"

"ஒரு பழைய றேடியோ. அதை மட்டும் கையிலை வைச்சிருந்தவர்."

கீழே வந்து காருக்குள் கனநேரம் இருந்தேன். அவர் என்னிடம் சொல்லவில்லை. எனக்கு ஒரு கிழமை தரவில்லை. தந்திருந்தால் நான் மறித்திருப்பேன். அது அவருக்குத் தெரியும். ரிவியில் அந்தப் பெடியனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த முகத்தோடு என் வீட்டில் இருக்க அவர் விரும்பவில்லையோ, அல்லது அப்படி ஒரு முகம் எனக்கு வந்துவிடும் என்று பயந்தாரோ. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இனி உங்களுடைய கேள்விக்கு வருகிறேன். வைத்திரு என்கிறவனும் பாசத்தில்தான் சொல்கிறான், விடு என்கிறவளும் பாசத்தில்தான் சொல்கிறாள். ஒரு கிழமை தவணை கொடுக்கிறார்களே, அது நல்ல சட்டம். அதுமட்டும் சொல்லுவேன்.

அன்று டோர்செட் பார்க்கிலிருந்து நான் வீட்டுக்கு வந்தபோது ஒருவரும் இல்லை. அம்மா உங்களை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தா. நான் கராஜில் கிடந்த சின்ன றேடியோவை எடுத்துத் தூசு துடைத்து, கீழறைக்குக் கொண்டுபோய், கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். அந்த நிலையத்தைத் தேடிப் பிடித்தேன். யாரோ ஒருவன் போனில் யாரையோ விடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தான். சத்தத்தைக் குறைத்தேன். நிறுத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு மேலே வந்து, நீங்கள் நீச்சல் முடிந்து வந்ததும் உங்களுக்குச் சோறு போட்டேன்.